உயிர் இல்லாத முட்டை

சோப்பு அடுக்கியிருந்த வரிசையில் நான் நெடுநேரம் நின்றிருக்க வேண்டும். கடைச் சீருடை போட்ட பெண் ஒன்று பக்கத்தில் வந்து, "என்னம்மா தேடுறீக?" என்று கேட்டது. சோப்புத்தான் என்றேன். சொன்னதற்கு மரியாதையாக ஒரு சோப்பை எடுத்துக் கூடையில் போட்டேன். எங்கள் வீட்டில் யாரும் போடாத சோப்பு அது.

எனக்கு வேண்டியது முட்டை. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற வயதில், தேனி பஜாரில் பத்துப் பேருக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மனைவி, இன்னொருத்தர் கடைக்குள் திருட வந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் கழுத்தெல்லாம் வியர்வை.

அல்லிநகரத்தில் எங்கள் தெருமுனையிலேயே முட்டை கிடைக்கும். அதை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் பழனிசெட்டிபட்டிக்கு வந்திருந்தேன். இங்கே எங்களைத் தெரிந்தவர்கள் குறைவு என்று ஒரு நினைப்பு. பயந்தவளுக்கு வேறு எந்தக் கணக்கும் ஓடாது.

வீட்டில் அவர் படுத்திருந்தார். காலையில் டயாலிசிஸ் முடிந்து வந்தால் சாயங்காலம் வரை அசதியில் தூங்குவார். அவர் எழுந்திருப்பதற்குள் நான் முட்டை வாங்கிப் போய், அவித்து, உரித்து, தட்டில் வைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு முந்தின நாள்தான் மனிதர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்.

"உசுரு இல்லாத முட்டைன்னா கொண்டா. தின்னு பாக்குறேன். உசுரு உள்ளதுன்னு தெரிஞ்சுச்சு, அன்னைக்கோட சரி. பெறகு நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

இதை வெறும் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் காப்பியில் எறும்பு மிதந்ததைப் பார்த்தார். அன்றைக்குக் கீழே வைத்த டம்ளர்தான், இன்றுவரை காப்பி குடித்ததில்லை. அப்பேர்ப்பட்டவருக்கு நான் முட்டை வாங்க வந்திருக்கிறேன். தப்பான ஒன்றை வாங்கிவிட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

எங்கள் கடையில் இல்லாத சாமான்

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் கடை பழக்கம்தான். இந்த வாரம் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் தொடங்கிய கடை. உள்ளே நுழைந்தால் முதலில் மல்லி வாசம் அடிக்கும், அப்புறம் வத்தல் நெடி, அப்புறம் போடியிலிருந்து வரும் ஏலக்காய். பருப்பு, புளி, கருப்பட்டி, அப்பளம் என்று எல்லாம் உண்டு. கருவாடும் முட்டையும் மட்டும் கிடையாது. சுத்த சைவக் குடும்பம். விற்பதும் தின்பதும் ஒன்றுதான் என்பது மாமனாரின் கொள்கை.

சிக்கல் என்னவென்றால், வாடிக்கைக்காரர்களுக்கு இந்தக் கொள்கை தெரியாது. "அண்ணே, முட்டை இருக்கா?" என்று யாராவது வந்து நிற்பார்கள். கடையில் உட்கார்ந்துகொண்டு "இல்லை" என்று சொல்லக் கூடாது, அது வியாபாரத்துக்கு ஆகாது. முட்டை என்ற பெயரையும் சொல்லக் கூடாது. அதனால் என் வீட்டுக்காரர் பதிலே பேசாமல் எதிர்க் கடையைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டுவார். வெளியூர்க்காரர்கள் சிலர் அவரை ஊமை என்றே நினைத்திருக்கிறார்கள்.

ஒரு தடவை சரக்கு இறக்க வந்த வண்டிக்காரர், எதிர்க் கடைக்குப் போக வேண்டிய முட்டை அட்டையை எங்கள் அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டார். ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. மாமனார் அன்று காலை வியாபாரத்தையே நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தரையைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். நான் அப்போது புதுப்பெண். கடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. சொன்னால் வைவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாமனார் போய்ச் சேர்ந்தார். கடையை இப்போது என் கொழுந்தனார் பார்க்கிறார். பாக்கெட் சாமான்கள் வந்த பிறகும் கொள்கை மாறவில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, பச்சைப் புள்ளி இருந்தால்தான் அலமாரியில் ஏறும். பழுப்பு அடையாளம் போட்டது எதுவும் உள்ளே வராது. சைவம், அசைவம் காட்டுவதற்காகப் பாக்கெட்டில் அச்சடிக்கிற அந்தப் புள்ளியை எங்கள் குடும்பம் பார்க்கிற மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையில்கூடத் தேடுவார்.

கேக்கு வேறு, முட்டை வேறு

அவருக்குச் சிறுநீரகம் கெட்ட கதை தனிக் கதை. அதை எழுதுகிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

வாரத்தில் மூன்று நாள் ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் அலசித் திரும்ப உள்ளே விடுகிறார்கள். துணி துவைக்கும்போது அழுக்கோடு சாயமும் கொஞ்சம் போகிற மாதிரி, ரத்தத்தை அலசும்போது சத்தும் போய்விடுமாம். அவருக்குக் கால் வீங்கியது, கன்னம் ஒட்டியது, சட்டை எல்லாம் அண்ணன் சட்டையை வாங்கிப் போட்டது போல ஆகிவிட்டது. ஒருநாள் மிஷினில் இருக்கும்போதே பிரஷர் இறங்கிக் கண் சொருகிவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்த என்னை நர்ஸ் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் டயட்டீஷியன் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டது. குமுளிப் பக்கத்துப் பெண், தமிழ் நன்றாகவே பேசும்.

"ஐயாவுக்குப் புரதம் ரொம்பக் குறைஞ்சுபோச்சும்மா. இப்படியே போனா உடம்பு மிஷினைத் தாங்காது. பருப்பு, பாலெல்லாம் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது, இவங்களுக்கு அளவு இருக்கு. தினமும் முட்டை அவிச்சுக் கொடுங்க. மஞ்சள் வேண்டாம், வெள்ளை மட்டும்."

நான் முழித்த முழியைப் பார்த்து அதற்கே பாவமாகிவிட்டது. "பேடிக்கண்டா அம்மா. மருந்துன்னு நினைச்சுக் கொடுங்க" என்று கையைத் தட்டிக் கொடுத்தது. மலையாளத்தில் பயப்படாதே என்கிறதாம். அது சொல்லிவிட்டுப் போய்விட்டது, பயம் என்னிடம் இருந்துவிட்டது. எந்த முட்டை, என்ன முட்டை என்று கேட்டிருக்கலாம். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

முதலில் புரத மாவு வாங்கிக் கலக்கிக் கொடுத்தேன். "சுண்ணாம்பு கரைச்ச தண்ணி மாதிரி இருக்கு" என்று அவ்வளவையும் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு தினமும் எங்கள் வீட்டில் முட்டைச் சண்டைதான்.

"கிறிஸ்மசுக்குக் கிரேஸ் அக்கா குடுக்குற கேக்கை மட்டும் விரல் சூப்பித் திங்கிறீக. அதுல என்ன, புளியவா ஊத்திக் கிண்டுறாக?" என்று கேட்டேன்.

கிரேஸ் அக்கா எங்கள் பக்கத்து வீடு. அவர்களுக்குப் பரம்பரையாக இரும்புக் கடை. வருடா வருடம் ஒரு தட்டு நிறையக் கேக்கு எங்கள் வீட்டுக்கு வரும்.

"கேக்குல இருக்கிறது கேக்கு. இது முட்டை" என்றார்.

"அதுலயும் முட்டைதானே போடுறாக?"

"நான் அவுககிட்ட விசாரிச்சேனா? அவுக வந்து சொன்னாகளா? தெரியாமத் தின்னது பாவத்துல சேராது. தெரிஞ்சே ஒரு உசுர எப்படித் திங்கச் சொல்ற?"

அவர் கை மெலிந்து மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முட்டையோ கிட்டையோ, இந்த மனிதர் இருக்க வேண்டும்.

வெள்ளை, பழுப்பு, கூடை

ஒருவழியாகச் சோப்பு வரிசையை விட்டு நகர்ந்து, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் முட்டைகளைக் கண்டுபிடித்தேன். ஏதோ ஒரு வகை இருக்கும், எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு சுவரே முட்டையாக இருந்தது.

ஒரு பக்கம் அட்டை அட்டையாக வெள்ளை முட்டை, அடுக்கி வைத்தது கூரை வரைக்கும். நடுவில் பிளாஸ்டிக் பெட்டிகளில் பழுப்பு முட்டை. ஒரு பெட்டியில் வைட்டமின் என்றிருந்தது, இன்னொன்றில் ஏதோ மீன் எண்ணெய்ச் சத்து என்றிருந்தது. முட்டைக்குள் மீன் எப்படி வந்தது என்று எனக்கு மயக்கமே வந்துவிட்டது. கடைசியில், வைக்கோல் பரப்பிய மூங்கில் கூடையில் சின்னச் சின்னதாக நாட்டுக்கோழி முட்டை.

முட்டையை நான் அதுவரை கையால் தொட்டதில்லை. ஆனால் சாமான் பார்த்து வாங்குவது எப்படி என்று தெரியும். எங்கள் வழக்கப்படி பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எல்லாவற்றிலும் பழுப்பு அடையாளம். அவர் பெட்டியைக் கொண்டா என்று கேட்டால் அத்தோடு கதை முடிந்தது. பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒதுக்கினேன்.

மிச்சம் வெள்ளையும் கூடையும். வெள்ளை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல ஒரே அளவு, ஒரே நிறம். எங்கள் வியாபாரத்தில் அப்படி இருந்தால் சந்தேகப்படுவோம். இயற்கையாக விளைந்தது எதுவும் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. தக்காளி என்றால் நாட்டுத் தக்காளி, பூண்டு என்றால் நாட்டுப் பூண்டு, சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை. ஆயுள் முழுக்க "நாட்டு" என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பழகிய கை. அது தானாகக் கூடைப் பக்கம் போனது.

அந்தச் சீருடைப் பெண் மறுபடியும் பக்கத்தில் வந்தது. "நாட்டுமுட்டைதான்மா உடம்புக்கு நல்லது. பெரியாளுக எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாக" என்றது.

உடம்புக்கு நல்லது என்ற சொல் போதாதா? வாங்கிவிட்டேன். ஆறு முட்டை.

பில் போடும் இடத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். எங்கள் கடையில் மாதாமாதம் வத்தல் வாங்குகிற ராசாத்தி. பழனிசெட்டிபட்டியில் அவளுக்கு என்ன வேலையோ.

"என்னக்கா, நீங்களா? முட்டையா?" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"நாய்க்கு" என்றேன்.

"நாய் வாங்கியிருக்கீகளா? சொல்லவே இல்லையே! என்ன நாய்?"

"சின்ன நாய்தான்."

"பேரு?"

"இன்னும் வைக்கல."

அவள் பால் பாக்கெட்டோடு போய்விட்டாள். அடுத்த மாதம் கடைக்கு வந்து, நாய் நல்லா இருக்கா என்று கொழுந்தனாரிடம் கேட்டிருக்கிறாள். அவரும் அண்ணன் மாதிரி எதிர்க் கடையைப் பார்த்துக் கையை நீட்டினாரா என்று தெரியவில்லை.

டார்ச் வெளிச்சத்தில்

கிரேஸ் அக்காவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். எத்தனை நிமிடம் அவிக்க வேண்டும், எப்படி உரிக்க வேண்டும் என்று சொல்லித் தருவதாக ஏற்பாடு. எங்கள் பின்கட்டில் பழைய கரண்ட் அடுப்பையும், பிடி உடைந்த பால் சட்டி ஒன்றையும் தயாராக வைத்திருந்தேன். சமையலறைக்குள் முட்டை வரக் கூடாது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "எங்க, வாங்கிட்டு வந்தத காட்டு."

பையைத் திறந்து காட்டினேன். அக்கா முகத்தில் சிரிப்புப் போய்விட்டது.

"ஏ செம்பகம், ஒனக்கு மூளை கீளை இருக்கா? நாட்டுமுட்டையவா வாங்கிட்டு வந்த?"

"இதுதான் நல்லதுன்னு சொன்னாக…"

"நல்லதுதான், யாரு இல்லைன்னா? ஆனா இதுலதானத்தா உசுரு இருக்கும்! சேவலோட திரியிற கோழி போட்டது. அடை வச்சா குஞ்சு பொரிக்கும். அந்த வெள்ளை இருக்குல்ல, அது பண்ணைக் கோழி போடுறது. அது சேவல் மூஞ்சியையே பாத்துருக்காது. அதுல உசுருமில்ல, மசுருமில்ல."

அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. அதையே நான் முறித்துக்கொண்டு வந்து நிற்கிறேன். சுவர் நிறைய உயிர் இல்லாதது இருக்க, உயிர் உள்ளதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறேன். நல்லதைத் தேடிப் போனால் இப்படியும் ஆகுமா?

"கண்டிப்பா உசுரு இருக்குமாக்கா?"

"இருந்தாலும் இருக்கும், இல்லாட்டாலும் இல்ல. டார்ச் அடிச்சுப் பாப்பமா?"

விறகு போட்டு வைக்கும் இருட்டறைக்குள் போனோம். அக்கா செல்போன் வெளிச்சத்தில் ஒரு முட்டையை வைத்துப் பிடித்தார். உள்ளே செக்கச்செவேல் என்று ஒளி பரவியது. நடுவில் மங்கலாக ஏதோ அசைந்தது போல் எனக்குத் தெரிந்தது.

"ஆத்தாடி, அசையுது!"

"அது மஞ்சக்கரு நெழலு. கடையில குளுகுளுன்னு வச்சிருந்ததுல என்ன அசையப் போகுது?"

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. என் கண்ணில் தெரிந்தது மட்டும் அழியவில்லை.

"சரி, இதக் குடு. நாங்க ஆம்லெட் போட்டுக்கிறோம். நீ போயி வெள்ளையா வாங்கிட்டு வா" என்று அக்கா கையை நீட்டினார்.

நான் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். எனக்கே அது விசித்திரமாக இருந்தது. கிரேஸ் அக்கா வீட்டில் முட்டை பொரிக்கிற வாசனை இத்தனை வருடமாகச் சுவர் தாண்டி வருகிறது. அதற்காக ஒருநாளும் நான் முகம் சுளித்ததில்லை. ஆனால் இந்த ஆறையும் வாங்கியது என் கை. உள்ளே பிழைத்துப் படுத்திருக்கிற ஒருவருக்காக வாங்கியது. அதை உடைத்து எண்ணெயில் ஊற்றுவார்கள் என்றால், அந்தக் கணக்கு போய் எங்கே விழும்? அவர் மேல் விழுந்துவிட்டால்?

இதை அக்காவிடம் சொன்னேன். படித்த பெண் பேசுகிற பேச்சா என்று அவர் திட்டியிருக்கலாம். வாய் நிறையச் சிரித்தார், அப்புறம் என் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சரி சரி, அழுகாத. வீரபாண்டியில எந்தம்பி தோட்டத்துல அடைக்கோழி கெடக்கு. அதுக்கடியில வச்சிறச் சொல்றேன். போதுமா? அவுக முழிக்க முன்ன நீ வெரசாப் போயிட்டு வா. நான் இங்கன பாத்துக்கிறேன்."

அவை பொரித்தனவா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப் பயம்.

கடையே திரும்பிப் பார்த்தது

மறுபடியும் ஆட்டோ. நேரு சிலைப் பக்கம் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் விழித்து, என்னைக் கூப்பிட்டு, நான் இல்லாமல், கிரேஸ் அக்கா வாய் தவறி நடந்ததைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து, ஆட்டோக்காரரைச் சீக்கிரம் போகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இந்தத் தடவை சோப்பு வரிசைக்கெல்லாம் போகவில்லை. நேரே வெள்ளை முட்டைக்கு முன்னால் போய் நின்றேன். ஆனால் பட்டவளுக்குப் பயம் இரட்டிப்பு. ஒரு முட்டையில் சின்ன இறகு ஒட்டியிருந்தது. அதை விட்டேன். ஒன்றில் புள்ளி. அதையும் விட்டேன். பண்ணையில் எங்காவது ஒரு சேவல் புகுந்திருந்தால்? யார் கண்டது? கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"ஏம்மா, இதுல உசுரு இருக்காதுல்ல?" என்றேன், மெல்லிய குரலில்.

அந்தப் பெண் புரியாமல் என்னைப் பார்த்தது. பிறகு கடைக் கோடியில் நின்ற மேலாளரைப் பார்த்துக் கத்தியது. "அண்ணே! இந்தம்மா முட்டைக்குள்ள உசுரு இருக்கான்னு கேக்குறாக!"

பிஸ்கட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இப்படி நடந்திருந்தால் நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். அன்று எனக்கு வெட்கப்பட நேரமில்லை. நின்ற இடத்திலேயே நின்று அந்த மேலாளர் வாயைப் பார்த்தேன்.

"பண்ணை முட்டைம்மா இது. குஞ்சே பொரிக்காது. தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

டாக்டர் சொன்னால்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி வந்திருக்காது. அட்டையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வாழையிலைத் துண்டு

அவர் விழித்துத்தான் இருந்தார். முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து பின்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேஸ் அக்கா என்னிடம் கண்ணைக் காட்டிவிட்டு நழுவிவிட்டார்.

தண்ணீர் கொதித்தது. முட்டைகள் சட்டியில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. உரிக்கும்போது முதல் முட்டை பாதி ஓட்டோடு பிய்ந்து வந்துவிட்டது. இரண்டாவது கொஞ்சம் உருவமாக வந்தது. மஞ்சளைத் தனியாக எடுத்துக் கிண்ணத்தில் மூடி வைத்தேன். வெள்ளையைத் துண்டு போட்டு மிளகுப் பொடி தூவினேன். தட்டில் அப்படியே வைக்க மனசு வராமல் ஒரு வாழையிலைத் துண்டைக் கிழித்துப் போட்டு அதன் மேல் வைத்தேன்.

அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் இலையையே பார்த்தார்.

"உசுரு இல்லையே?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்லங்க. கடையில எல்லார் முன்னுக்கவும் கேட்டுட்டுத்தான் வாங்குனேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெயரைக் கடையில் சொல்லாத குடும்பத்துப் பெண், கடைக்கு நடுவில் நின்று கேட்டிருக்கிறாள் என்பது அவருக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, மாத்திரை விழுங்குகிற மாதிரி ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். முகம் கோணியது. துப்பிவிடுவார் என்று பயந்து வாளியைக்கூடப் பக்கத்தில் நகர்த்தினேன்.

விழுங்கிவிட்டார்.

"ஒரு ருசியுமில்லையே" என்றார். "இதுக்கா எங்கப்பா கடையக் கழுவி விட்டாக?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்னொரு துண்டு எடுத்தார், இன்னொன்று. இலை காலியாகும் வரை நான் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"மஞ்சள என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

"அது ஒங்களுக்கு ஆகாதாம். மூடி வச்சிருக்கேன். கிரேஸ் அக்கா வீட்டுப் பூனைக்குப் போடலாம்னு."

"பூனைக்கா?" அவருக்குள் இருந்த கடைக்காரர் விழித்துக்கொண்டார். "நீ தின்னு."

"நானா?"

"ஒனக்கும்தான ரத்தம் இல்லைன்னு சொன்னாக. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குற. எனக்கப்புறம் நீ தெம்பா நடமாட வேணாமா?"

எனக்கப்புறம். சாதாரணமாகத்தான் சொன்னார், அரிசி தீர்ந்தால் வேறு மூட்டை பிரிக்கணும் என்கிற மாதிரி. எனக்குக் குப்பென்று ஏறிவிட்டது. அந்த "அப்புறம்" வரக் கூடாது என்றுதானே மத்தியானத்திலிருந்து நாய் கீய் என்று பொய் சொல்லிக்கொண்டு ஊருக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன்? நோயாளி என்று பார்த்துப் பார்த்து அவர் மேல் கோபப்படுவதையே விட்டிருந்தேன். அன்று விடவில்லை. விறுவிறு என்று போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, அவர் கண் முன்னாலேயே ஒரு மஞ்சளை முழுசாக வாயில் போட்டேன்.

"தின்னுட்டேன், போதுமா? இனிமே அந்தப் பேச்ச…"

அதற்கு மேல் பேச முடியவில்லை. மாவு மாதிரி வறண்டு மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தொண்டை அடைத்துக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அவர் பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்தார். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் குடிக்கிற தண்ணீரும் அளவுதான். காலையில் அளந்து ஊற்றி வைத்தால் மாத்திரையும் தாகமும் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டாலும் அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. அன்று பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அவ்வளவையும் டம்ளரில் ஊற்றி என் பக்கம் நீட்டினார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். உள்ளே குடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். அவர் டம்ளரை என் வாயருகே கொண்டுவந்துவிட்டார்.

"குடி" என்றார். "நாளைக்கும் நீ எனக்கு முட்டை அவிக்கணும்ல."

வாங்கிக் குடித்தேன்.